மட்டாஞ்சேரி பிரஸ்ஸிங்

என் மாரியண்ணா,

செத்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நம்புகிறவள் இல்லை நான். உனக்கே தெரியும். ஆனாலும் உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வேறு யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் வருகிறது. எனக்குத் தலை சுற்றுகிறது.

தமிழில் எழுதுகிறேன். நாம் பள்ளியில் படித்தது மலையாளம், அதனால் என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இதை இங்கே கொச்சியில் உள்ள தமிழர்கள் நடத்தும் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். சுக்குக் கிடங்கு வைத்திருக்கும் உன் வர்கீஸ் சேட்டனுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. யாராவது படித்துச் சொல்லட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. நீ போன பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. நீ இறங்கிச் சுத்தம் செய்த ஓடையில் மறுபடி சகதி ஏறிவிட்டது. இப்போது உன் இடத்தில் வேறு ஒருவன் இறங்குகிறான். உனக்கு எலிக்காய்ச்சல் வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தபோது, "இவன் எங்க ஆளே இல்லையே" என்று சொன்ன அதே காண்டிராக்டர்தான் அவனையும் இறக்குகிறார். அவனுக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் இடது கால். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவனோ வெறுங்காலோடுதான் இறங்குகிறான்.

நான் காக்கநாட்டில் அதே கம்பெனிக் கட்டடத்தில்தான் இருக்கிறேன். கண்ணாடிக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குக் கரண்ட் நிற்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பாலிடெக்னிக்கில் படித்தது வீண் போகவில்லை என்று அம்மா சொல்லிக்கொள்கிறாள். நானும் காண்டிராக்ட்தான் அண்ணா. கழுத்தில் அட்டை தொங்குவதுதான் வித்தியாசம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பெட்டியைப் பற்றி.

அப்பா முனிசிபாலிட்டியில் இருந்தபோது, துறைமுகத்து ஐலண்டில் ஏதோ ஒரு பங்களாவை ஒழித்துச் சுத்தம் செய்ததற்குக் கூலியோடு சேர்த்துக் கொடுத்த ரெக்கார்டு பிளேயர் அது. பங்களாக்காரர்கள் எந்த நாட்டிலிருந்து அதைக் கொண்டுவந்தார்களோ தெரியாது. நம் ஊர்க் கரண்டுக்கு ஒத்துவராது என்று அப்பா தேவராவுக்குப் போய் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தார். பெட்டிக்குள் ஒரே ஒரு ரெக்கார்டு இருந்தது. ஒரு அழுக்கு மஞ்சள் குடைக்குள் ஐந்து வெள்ளைக்காரர்கள் நெருக்கியடித்து நிற்கிற உறை. அந்த ஆல்பம் உலகத்துக்கே தெரிந்தது என்பது நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஆள் மெதுவாகப் பாடுவான், கனத்த குரலில், யாரோ தோளைப் பிடித்து அழுத்துகிற மாதிரி. நீ சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாய். ஒரு வார்த்தை புரியாது. "எதுக்குடா இந்தச் சாவுப் பாட்டு?" என்று அம்மா கத்துவாள்.

தமிழ்ப் பாட்டெல்லாம் கேசட்டில் கேட்டோம். அந்தப் பெட்டியில் சுற்றியது அந்த ஒரே தட்டுதான். உன்னைப் போல ஒரே ஒரு ரெக்கார்டு வைத்திருந்த ரெக்கார்டு ரசிகன் இந்தக் கேரளத்தில் வேறு யாராவது இருந்திருப்பானா?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குக்குக் கீழே ஓடை அடைத்துக்கொண்டது. உன்னை வரவழைத்தார்கள். நீ இடுப்பளவு நீரில் நின்றபோது, மேலே மாடியிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. ஆனால் வேகமாக. நீ அப்படியே படியேறிப் போய்விட்டாய். எத்தனை தடவை நீ எனக்கு அதை நடித்துக் காட்டியிருக்கிறாய்! ஈரக் காலோடு வாசலில் நின்று, உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாலைந்து பேரைப் பார்த்து, "சேட்டா, இது தப்பா ஓடுது. இவ்ளோ ஸ்பீடா பாடக் கூடாது" என்றாயாம்.

அவர்கள் சிரித்தார்கள். கிடங்கு முதலாளி வர்கீஸ் சேட்டன் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ எவிடயா இது கேட்டது?"

"எங்க வீட்ல இருக்கு."

"வீட்டிலோ? ஏது பிரஸ்ஸிங்?"

உனக்கு அந்த வார்த்தையே தெரியாது. ஒரே ஆல்பத்தை ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக அச்சடிப்பார்கள் என்றும், அதற்குத்தான் பிரஸ்ஸிங் என்று பெயர் என்றும், ஒன்றுபோல ஒன்று இருக்காது என்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாய். வீட்டுக்கு வந்து ஓடை நாற்றத்தோடு குளிக்காமல்கூட எனக்குப் பாடம் எடுத்தாய். இங்கிலாந்தில் அடித்ததில் டிரம்ஸ் நெஞ்சில் இடிக்குமாம். ஜப்பானில் அடித்ததன் உறை கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழவென்று இருக்குமாம். இந்தியாவில் அடித்ததில் ஒரு பாட்டு குறைவாம், மஞ்சள் குடை சாணி நிறத்தில் இருக்குமாம். அந்தக் குடையின் நிறத்துக்காக ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டார்கள் என்று சொன்னாய்.

"நீ பாட்டு கேக்கறியா, பெயிண்ட் கடை வெச்சிருக்கியா?" என்று அந்தக் கூட்டத்து நசீரிக்கா இன்னொருவரான காலேஜ் சாரைக் கேட்டதையும், காலேஜ் சார் கோபித்துக்கொண்டு சாயாவைக் குடிக்காமலே எழுந்து போனதையும், மறு ஞாயிறு அதே சார் கையில் பூதக்கண்ணாடியோடு வந்ததையும் நீ சொல்லச் சொல்ல எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அடுத்த வாரம் நீ தட்டைக் கொண்டுபோய்க் காட்டினாய். இந்தியாவில் அடித்தது என்று நடுவில் ஒட்டியிருந்த தாளிலேயே இருந்தது. வர்கீஸ் சேட்டனுக்குக் கண் விரிந்தது. அப்படியானால் இந்தியன் பிரஸ்ஸிங் மெதுவாகவா பாடும்? ஏன்? நம் ஆட்களுக்கு ஆங்கிலம் புரிய வேண்டும் என்று வேகத்தைக் குறைத்தார்களா? மூல நாடாவையே தப்பாக அனுப்பினார்களா? அன்றைக்குத் தொடங்கிய விவாதம் பல வருஷம் ஓடியது. அவர்களில் வேறு யாரிடமும் அந்த ஆல்பத்தின் இந்தியன் பிரஸ்ஸிங் இல்லை. மட்டம் என்று ஒதுக்கியிருந்தார்கள். அதனால் உன் பேச்சுதான் ஒரே சாட்சி.

ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். இதுதான் என் வயிற்றெரிச்சல் அண்ணா. அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிறுதோறும் ஒவ்வொருவரும் தன் தட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும், வர்கீஸ் சேட்டன் துடைத்து அவர் பிளேயரில் போடுவார். எல்லோருடைய தட்டும் ஏறியது. உன்னுடையது ஏறவில்லை. அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "குப்பையில் கிட்டியதல்லே மாரி? ஊசி கேடாவும்" என்றார். பங்களாவில் கிடைத்தது என்று நீ சொன்னாய். அப்பாவின் வேலை அவருக்குத் தெரியும். உன் வேலையும் தெரியும். நம் கை பட்டது எதுவானாலும் அவர்களுக்குக் குப்பைதானே.

நீ கோபப்படவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தட்டைச் சோப்பு நீரில் கழுவி, அம்மாவின் பழைய சேலைத் துண்டால் ஒற்றி எடுப்பாய். ஞாயிறு அதைக் கொண்டுபோவாய். போடாமல் திருப்பிக் கொண்டுவருவாய். நான் திட்டுவேன். "அவனுக பேசறத கேக்கறதுக்காச்சும் ஒரு இடம் வேணும்ல செல்வி" என்பாய். அவர்கள் நாற்காலியில். நீ படிக்கட்டுப் பக்கம் சுக்கு மூட்டை மேல். "மெத்துன்னு இருக்கும், நாற்காலிய விட சுகம்" என்று வேறு சொன்னாய். சுக்கு மூட்டை எப்படி அண்ணா மெத்தென்று இருக்கும்?

இப்போது நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன்.

இந்த மழையில் கூரை ஒழுகி, உன் பெட்டி இருந்த மூலையில் நீர் சொட்டியது. பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துத் துடைத்தேன். அடியில் ஒரு சின்னத் தகடு, துருவேறியிருந்தது. சுரண்டிப் பார்த்தேன். அறுபது சைக்கிள், அதாவது நொடிக்கு அறுபது தடவை துடிக்கிற கரண்டுக்குச் செய்தது என்று இருந்தது. நம் ஊர்க் கரண்ட் ஐம்பது. அந்த மாதிரி மோட்டார் கரண்டின் துடிப்புக்கு ஏற்பத்தான் சுற்றும். அப்பா வாங்கி வந்த டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர, துடிப்பை மாற்றாது. ஆகவே இங்கே அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். எந்தத் தட்டைப் போட்டாலும்.

அந்த ஆள் மெதுவாகப் பாடவே இல்லை அண்ணா. நம் பெட்டிதான் அவனை மெதுவாகப் பாட வைத்தது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, இத்தனை வருஷம் ஒரு கூட்டமே சேர்ந்து நாடு நாடாக அலசியதே, ஒருவருக்குக்கூடப் பெட்டியைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். தட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள். உன் வீட்டில் எந்தப் பெட்டி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று ஒருவர் வந்து எட்டிப் பார்த்திருந்தாலாவது தெரிந்திருக்கும். யார் வருவார் நம் குவார்ட்டர்ஸுக்கு?

வந்தார். நீ போன பிறகு. வர்கீஸ் சேட்டனே வந்தார், அந்தத் தகட்டைப் பார்த்த அடுத்த வாரம். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் குழம்பி நின்றார்.

"மோளே, மாரி நம்முடெ ஆளல்லே?" என்றார், நம்ம ஆள்தானே என்கிற மாதிரி. "ஞாயிறாழ்ச்ச அவன்டெ ஓர்மைக்கு ஒரு கூடல் வெச்சிட்டுண்டு. அவன்டெ ரெக்கார்டு போடணும். நீ கொண்டு வரணும்." உன் நினைவாக ஒரு கூட்டமாம்.

"ஊசி கேடாகாதா சேட்டா?"

அவர் முகம் சுருங்கியது. பிறகு மெல்லச் சொன்னார். இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறாராம், கொச்சியில் இப்படியொரு மெதுவான பிரஸ்ஸிங் இருக்கிறது என்று. எங்கெங்கிருந்தோ கேட்கிறார்களாம், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பச் சொல்லி. உனக்காகக் கூப்பிடுகிறாரா, அவர்களுக்காகக் கூப்பிடுகிறாரா? அவருடைய கண் கலங்கியிருந்தது, அதையும் நான் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து ஒருவனுக்குள் இருக்க முடியுமா?

அவர் போன பிறகு அம்மாவிடம் தகட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் கப்பைக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "அவனுக்கு அது தெரியும்னுதான் தோணுது."

"என்னம்மா சொல்ற?"

"அந்த நசீர் ஒரு தட்டு குடுத்தானே, போன வருஷம் ஓணம் சமயத்துல? அதக் கொண்டாந்து போட்டான். பாதிப் பாட்டு ஓடிச்சு. எடுத்துட்டான். கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தான். அப்புறம் சாயா குடிக்கப் போறேன்னு போனான். சட்டகூடப் போடல."

"அழுதானா?"

"எனக்கென்னடி தெரியும், கண்ணாடி எங்கன்னு தேடிட்டிருந்தேன்."

நசீரிக்கா கொடுத்தது யூகோஸ்லாவியாவில் அடித்த வேறொரு ஆல்பம். அந்த அறையில் நீ பல தடவை கேட்டது. அது நம் வீட்டில் மெதுவாகப் பாடியபோது உனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததா? அதற்குப் பிறகுதான் வர்கீஸ் சேட்டன் முதல் தடவையாக, "மாரி, அடுத்த ஞாயிறு நின்டெ தட்டு போட்டு நோக்காம்" என்றாராம். நீ "அடுத்த வாரம்" என்றாயாம். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாயாம். எந்தச் சனிக்கிழமையும் தவறாமல் தட்டைக் கழுவியவன், போடுகிறேன் என்று அவரே சொன்னபோது ஏன் தள்ளிப் போட்டாய்? தெரிந்துபோனால் அந்தச் சுக்கு மூட்டையும் போய்விடும் என்றா?

அப்படியானால் நீ பொய் சொன்னாயா? இல்லை, தட்டை எடுத்துப்போக நிஜமாகவே மறந்தாயா? எது உண்மை என்றால் எனக்குக் கொஞ்சம் வலி குறையும்? யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தட்டை அம்மாவின் சேலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். போட்டால் அது அவர்கள் இங்கிலாந்துத் தட்டைப் போலவே பாடும், நீ இத்தனை பேருக்கு முன்னால் பொய்யன் ஆவாய் என்று தெரிந்தேதான் போனேன். முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று படியேறும்போது நினைத்தேன். எனக்கு நாற்காலி போட்டார்கள். உன் மூட்டை இருந்த இடத்தில் ஒரு ஃபேன் நின்றது. தாம்பாளத்தில் வெல்லம் போட்டுக் கிளறிய அவல் விளையிச்சதும் பழமும் வைத்திருந்தார்கள். உன் போட்டோ அவர்களிடம் இல்லை. அதனால் மஞ்சள் குடை உறையைச் சுவரில் சாய்த்து மாலை போட்டிருந்தார்கள். அவர்களுடைய இங்கிலாந்து உறையை. அந்த ஐந்து வெள்ளைக்காரர்களுக்கும் நாங்கள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம்.

வர்கீஸ் சேட்டன் தட்டை வாங்கி, அவர் கையாலேயே துடைத்தார். ஊசியை வைத்தார்.

பாட்டு ஓடியது. வேகமாக. நீ அன்றைக்கு ஓடையில் நின்று கேட்ட அதே வேகம். இப்போது யாராவது சிரிப்பார்கள் என்று நான் காத்திருந்தேன்.

வர்கீஸ் சேட்டன் கண்ணை மூடியிருந்தார். "கேட்டோ?" என்றார். "எந்தொரு பதுக்கெயா! மாரி பறஞ்சது சரியா." எவ்வளவு மெதுவாக இருக்கிறதாம், நீ சொன்னது சரியாம்.

"கனமுண்டு, சப்தத்தினு ஒரு கனமுண்டு" என்றார் காலேஜ் சார். பூதக்கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. பேங்க்காரர் ஒருவர், "குரல் ஒரு கட்டை எறங்கியில்லே?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவரும் தலையாட்டினார்.

நான் பைத்தியமா, இவர்கள் பைத்தியமா? அவர்களுடைய இங்கிலாந்துத் தட்டின் வேகத்துக்கும் இதற்கும் நடுவில் ஒரு மயிரளவுகூட வித்தியாசம் இல்லை. குடையின் நிறத்துக்கு ஒரு மத்தியானம் சண்டை போட்ட காதும் கண்ணும் எங்கே போயின? உன்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார்களா? இல்லை, மெதுவாக இருக்கும் என்று இத்தனை வருஷம் பேசிப் பேசி நிஜமாகவே அப்படித்தான் கேட்கிறதா? வாயை அடக்கத் தெரியாதவள் என்று என்னை நீயே சொல்வாய். அன்றைக்கு என் வாய் திறக்கவில்லை. அவல் வேறு வாயில் இருந்தது.

நசீரிக்கா மட்டும் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கும்போது அவர் பின்னாலேயே வந்தார். தூத்துக்குடிக்காரர்களோடு கப்பலில் காலமெல்லாம் சமைத்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

"எல்லாம் ஒரே ஸ்பீடுதான் மோளே" என்றார்.

"தெரிஞ்சுமா நீங்களும் தலையாட்டினீங்க?"

"பின்ன என்ன செய்ய? அவன் இருக்கும்போது ஒரு தடவ போட்டுக் காட்டியிருக்கணும். அதச் செய்யல. இப்ப அவன தோக்கடிக்கவா?"

"பெட்டிதான் இக்கா காரணம். எங்க வீட்டுப் பெட்டி." தகட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"அதான் அப்படிச் சொன்னானா..." என்றார்.

"எப்படி?"

"நான் குடுத்த தட்டத் திருப்பிக் குடுத்தப்ப, 'இக்கா, உங்க யூகோஸ்லாவியாக்காரனும் எங்க வீட்டுக்கு வந்தா மெதுவாத்தான் பாடறான்'னான். சொல்லிட்டு ஒரே சிரிப்பு. என்னக் கிண்டல் பண்றான்னு நெனச்சேன்."

சிரித்தாயா அண்ணா? அம்மா நீ பேசாமல் உட்கார்ந்திருந்தாய் என்கிறாள், சட்டை போடாமல் போனாய் என்கிறாள். இவர் சிரித்தாய் என்கிறார். எந்த மாரியை நான் நம்புவது? தெரிந்துகொண்டு சிரிப்பவனாக இருந்தாயா? அப்படியென்றால் அந்த ஞாயிறுகளில் யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது? அவர்கள் உன்னையா, நீ அவர்களையா?

எனக்குத் தெரியவில்லை. அறையில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிட்டேன். இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. கொச்சியில் மெதுவான பிரஸ்ஸிங் எதுவும் கிடையாது. மெதுவான பெட்டி ஒன்று உண்டு, நம் வீட்டில்.

அந்தப் பெட்டியைச் சரி செய்ய எனக்குத் தெரியும். மோட்டார் நுனியில் இருக்கும் பித்தளைத் துண்டைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து போட்டால் போதும். ஆலுவாவில் லேத் வைத்திருக்கிற என் சிநேகிதியின் அண்ணன் ஒரு மத்தியானத்தில் செய்து தந்துவிடுவார். செய்ய மாட்டேன். இது சத்தியம்.

இன்னொரு சத்தியமும் செய்கிறேன். வருகிற ஞாயிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியேறப் போகிறேன். டிரான்ஸ்ஃபார்மரை நசீரிக்கா எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அறை நடுவில் வைப்பேன். உன் தட்டைப் போட மாட்டேன். வர்கீஸ் சேட்டனிடம், மாலை போட்ட அந்த உறையிலிருந்து அவருடைய இங்கிலாந்துத் தட்டை எடுத்து நம் ஊசிக்குக் கீழே வைக்கச் சொல்வேன். அவர் கையாலேயே.

வைப்பாரா? தெரியாது. வைத்தால் அந்த இங்கிலாந்துக்காரனும் நம் வீட்டில் பாடுகிற மாதிரிதான் பாடுவான், யாரோ தோளைப் பிடித்து அழுத்துகிற மாதிரி. வைக்க மாட்டேன் என்றால், ஏன் என்று அத்தனை பேருக்கும் முன்னால் அவர் வாயால் சொல்லட்டும். அதைக் கேட்காமல் படியிறங்க மாட்டேன்.

அந்த ஃபேனை நகர்த்திவிட்டு ஒரு சுக்கு மூட்டையை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தேதான் கேட்பேன்.

சனிக்கிழமைதோறும் உனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்த
உன் தங்கச்சி,
செல்வி